பழைய சின்ன பைக் திக்கித் திக்கி ஓடுகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இன்னொருவர் ஓட்டிய 100, 125, 150 சிசி வண்டி ஒன்றை வாங்கி, அது சீராக ஓடாமல் மல்லுக்கட்டுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரே சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக், கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்புகிற பாகம்) வைத்த வண்டிகளைப் பற்றித்தான் பெரும்பாலும் பேசுகிறேன். கார்புரேட்டருக்குப் பதில் பம்ப்பும் இன்ஜெக்டரும் பெட்ரோலைத் தெளிக்கிற இன்ஜெக்‌ஷன் வண்டிக்கும் ஒரு கேள்வி உண்டு.

கேள்வி: வண்டி விக்குகிறது, மிஸ்ஸிங் அடிக்கிறது. முதலில் எதைக் கழற்றுவது?

எதையும் கழற்றாதீர்கள். திருப்புளியைக் கீழே வையுங்கள்.

பழைய வண்டியில் கோளாறு ஒன்று இருக்கும், அந்தக் கோளாறைச் சரிசெய்யப் போய் முன்பு வைத்திருந்தவர் செய்த வேலைகள் அதன் மேல் நாலைந்து உட்கார்ந்திருக்கும். ஐட்லிங் நிலைக்கவில்லை என்று ஸ்க்ரூவைத் திருகியிருப்பார், இழுக்கவில்லை என்று மெயின் ஜெட்டை (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடுகிற, துளை போட்ட பித்தளைத் துண்டு) மாற்றியிருப்பார், பெட்ரோல் பைப்பில் கையில் கிடைத்த ஃபில்டரைச் செருகியிருப்பார். நீங்களும் ஐந்தாவது ஆளாகப் போய் ஒரு ஸ்க்ரூவைத் திருகினால் எது கோளாறு, எது யார் கைவேலை என்று பிரிக்கவே முடியாது. அதனால் வண்டியை ஒரு முறை சுற்றி வந்து கம்பெனியிலிருந்து வந்தபடி இல்லாதது எதெல்லாம் என்று பாருங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியில் கூடுதல் ஓட்டை, மாற்றிய சைலன்சர், டேப் சுற்றிய வயர், வேறு நம்பர் பிளக், ஒட்டுப்போட்ட ஓஸ் எல்லாவற்றையும் ஒரு தாளில் குறியுங்கள். என் அனுபவத்தில் பாதி வண்டிகளில் விடை அந்தத் தாளிலேயே இருந்திருக்கிறது.

அப்புறம், ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். மாற்றியதும் ஓட்டிப் பாருங்கள். பயன் இல்லையென்றால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பிளக், ஜெட், டேப்பெட் மூன்றையும் ஒரே நாளில் மாற்றி வண்டி சரியாகிவிட்டால் எது சரிசெய்தது என்று தெரியாது, மோசமானாலோ எதில் கெட்டது என்றும் தெரியாது.

கேள்வி: கழற்றாமல் எப்படிக் கண்டுபிடிப்பது?

எப்போது விக்குகிறது என்பதைப் பிடித்தால் போதும். கைப்பிடியில், ஆக்ஸிலேட்டர் திரும்புகிற இடத்தில் வெள்ளை டேப் ஒரு துண்டு ஒட்டுங்கள், பக்கத்தில் அசையாத பாகத்தில் இன்னொரு துண்டு. மூடியிருக்கும்போது ஒரு கோடு, பாதியில் ஒன்று, முழுதாகத் திறக்கும்போது ஒன்று. இப்போது ஓட்டுங்கள். கோளாறு வருகிற இடத்தில் டேப் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஸ்பீடும் கியரும் இங்கே முக்கியமில்லை, ஆக்ஸிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதுதான் கணக்கு. கார்புரேட்டரில் ஒவ்வொரு திறப்புக்கும் ஒரு பாகம் பொறுப்பு. மூடிய நிலையிலிருந்து எட்டில் ஒரு பங்கு வரை பைலட் ஜெட்டும் அதன் ஸ்க்ரூவும், கால் பங்கிலிருந்து முக்கால் வரை கார்புரேட்டருக்குள் ஏறி இறங்குகிற ஊசி, அதற்கு மேல் மெயின் ஜெட். நடுவில் ஒன்றோடொன்று கொஞ்சம் கலக்கும், ஆனாலும் எந்தப் பக்கம் தேடுவது என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று, வண்டி அடங்குகிற விதம். சாவியைத் திருப்பியதுபோல் சட்டென்று செத்து, அடுத்த நொடி உயிர் வந்தால் கரண்ட் பக்கம் பாருங்கள். மூச்சு வாங்கி, இழுவை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, பெட்ரோல் தீரும்போது ரிசர்வ் கேட்பதுபோல் தளர்ந்தால் பெட்ரோல் பக்கம். இதை மட்டும் உடம்பால் உணரக் கற்றுக்கொண்டால் பாதித் தேடல் முடிந்தது.

கேள்வி: ஆறு மாதமாக ஓடாமல் நின்ற வண்டி. ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் சரியாகவே ஓடவில்லை.

முதல் சந்தேகம் பழைய பெட்ரோல். பெட்ரோலில் எளிதில் ஆவியாகிற பகுதிதான் குளிர்ந்த என்ஜினில் சட்டென்று தீப்பிடிக்க உதவுகிறது, நின்ற வண்டியில் அதுதான் முதலில் போய்விடும். மிச்சம் கெட்டியாகி, கார்புரேட்டர் உள்ளே மஞ்சள் நிறத்தில் பிசுபிசுப்பாகப் படியும். எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால் காற்றிலிருந்து ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும், ஈரம் அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் போய்த் தங்கிவிடும். வண்டிக்குப் பெட்ரோல் போவதும் அந்த அடியிலிருந்துதான்.

கார்புரேட்டரின் கிண்ணத்துக்கு அடியில் ஒரு சின்ன வடிகால் ஸ்க்ரூ இருக்கும். அதற்குக் கீழே கண்ணாடி டம்ளர் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் திறந்து வடிய விடுங்கள். டம்ளரை வெளிச்சத்தில் பிடித்து ஒரு நிமிடம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் உருண்டையாகத் திரண்டு, டம்ளரைச் சாய்க்கும்போது பாதரசம்போல் உருண்டு ஓடும். செம்மண் நிறத்தில் மெல்லிய தூள் படிந்தால் டேங்க் உள்ளே துருப்பிடித்திருக்கிறது என்று பொருள். அப்படியென்றால் கார்புரேட்டரை மட்டும் எத்தனை முறை கழுவினாலும் ஒரு வாரத்தில் திரும்ப அடைத்துக்கொள்ளும், டேங்கிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வாசம் பாருங்கள், புது பெட்ரோல் மூக்கில் ஏறும், பழையது வார்னிஷ்போல் புளித்து அடிக்கும். இந்த வேலையைக் காற்றோட்டமான இடத்தில், என்ஜின் ஆறிய பிறகு, பக்கத்தில் எந்த நெருப்பும் இல்லாமல் செய்யுங்கள். இந்த ஒன்றை அலட்சியமாக விட்டுவிடாதீர்கள்.

டேங்கைக் காலி செய்து புது பெட்ரோல் ஊற்றுங்கள். இருக்கிற பழையதோடு ஒரு லிட்டர் கலப்பது போதாது.

கேள்வி: பத்து பதினைந்து நிமிடம் அருமையாக ஓடி, பிறகு தளர்ந்து நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது. ஏன்?

டேங்க் மூடியைப் பாருங்கள். பெட்ரோல் கீழே இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும், அதற்கு மூடியில் ஊசி முனை அளவுக்கு ஒரு வழி இருக்கிறது. தூசியோ துருவோ அதை அடைத்தால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி பெட்ரோல் இறங்க மறுக்கும். வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினால் சிறுகச் சிறுகக் காற்று கசிந்து உள்ளே போகும், திரும்பவும் ஓடும்.

நான் வாங்கிய ஒரு 125 சிசி வண்டியில் இதே தொல்லை. விற்றவர் கார்புரேட்டர், பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கிற காயில் இரண்டையும் மாற்றியிருந்தார். வண்டி தளர்ந்து நின்ற அந்த நிமிடமே சாவியை எடுத்து டேங்க் மூடியைத் திறந்தேன். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுபடும் சத்தம். மூடியைப் போட்டு ஒரு உதை, வண்டி ஸ்டார்ட். மூடியின் அடிப்பக்கம் இருந்த அந்தத் துளையை மெல்லிய நைலான் நரம்பால் குத்திச் சுத்தம் செய்ததோடு வேலை முடிந்தது. உங்களுக்கு அந்த ‘உஸ்’ கேட்டால் வேறு எங்கும் தேட வேண்டாம்.

சத்தம் வரவில்லையென்றால் பெட்ரோல் பைப்பை கார்புரேட்டர் பக்கம் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, டேங்குக்கு அடியில் பெட்ரோலைத் திறந்து மூடுகிற குழாயான காக்கைத் திறந்து பாருங்கள். நூல் அறாமல் ஓட வேண்டும். ஆரம்பத்தில் நன்றாக வந்து பிறகு சொட்டாகக் குறைந்தால் காக்கின் உள்வலை, இடையில் செருகிய ஃபில்டர், மடங்கிய பைப் இவற்றில் ஒன்று. சின்ன வண்டிகளில் பெட்ரோல் தானாக இறங்குகிறது, தள்ளிவிட பம்ப் கிடையாது, அதனால் பம்ப் வைத்த வண்டிக்கான அடர்த்தியான ஃபில்டரை யாராவது செருகியிருந்தால் அதுவே தடை.

சில வண்டிகளில் காக் என்ஜினின் உறிஞ்சலால் திறக்கும், காக்கிலிருந்து மெல்லிய ஓஸ் ஒன்று என்ஜினுக்குப் போகும். அந்த ஓஸைக் கழற்றிப் பாருங்கள், உள்ளே பெட்ரோல் ஈரம் இருக்கவே கூடாது. இருந்தால் காக்கின் உள்ளே இருக்கும் ரப்பர் கிழிந்துவிட்டது, வண்டி அந்த ஓஸ் வழியாகவும் பெட்ரோல் குடிக்கிறது.

கேள்வி: சோக் போட்டால்தான் ஓடுகிறது, எடுத்தால் நின்றுவிடுகிறது.

இதை நல்ல சேதியாக எடுத்துக்கொள்ளுங்கள், வண்டி காரணத்தைத் தானே சொல்லிவிட்டது. சோக் போட்டால் கலவையில் பெட்ரோல் கூடுகிறது. அதனால் நன்றாக ஓடுகிறது என்றால் மற்ற நேரத்தில் பெட்ரோல் போதவில்லை, அல்லது வரக்கூடாத வழியில் காற்று வருகிறது. சூடான என்ஜினில் சோக் போட்டதும் இன்னும் மோசமானால் அதற்கு நேர்மாறு, ஏற்கெனவே பெட்ரோல் அதிகம். எந்தக் கருவியும் இல்லாமல் ஒரு நிமிடத்தில் செய்கிற இந்தச் சோதனையை யாரும் செய்வதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

பெட்ரோல் போதாமல் இருந்தால் பத்துக்கு எட்டு பைலட் ஜெட் அடைப்புதான். அதன் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, ஒரு துளி வார்னிஷ் போதும். கார்புரேட்டரைக் கழற்றத்தான் வேண்டும், ஊற்றிக் கழுவுகிற மருந்துகள் முழுதாக அடைத்த ஜெட்டைத் திறப்பதை நான் பார்த்ததில்லை.

கழற்றும்போது கவனிக்க வேண்டியவை கொஞ்சம் இருக்கின்றன. கிண்ணத்தின் ஸ்க்ரூக்கள் மென்மையானவை, ஜப்பானிய வண்டிகளில் அதன் தலை சாதாரண ஸ்டார் திருப்புளிக்குச் சரியாகப் பொருந்தாது, நழுவி வழுக்கினால் தலை கெட்டுவிடும். சரியாக உட்காருகிற திருப்புளியை வைத்து, அழுத்திக்கொண்டே திருப்புங்கள். மிக்சர் ஸ்க்ரூவை (மேலே சொன்ன பைலட் ஜெட்டின் ஸ்க்ரூ) கழற்றும் முன் அதை மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் போய் உட்காருகிறது என்று எண்ணி எழுதுங்கள். இறுக்காதீர்கள், முனை ஊசிபோல் இருக்கும், இறுக்கினால் முனையும் போகும் அது உட்காருகிற துளையும் போகும். வெளியே எடுக்கும்போது ஸ்ப்ரிங், சின்ன வாஷர், அதைவிடச் சின்ன ஓ-ரிங் என்று மூன்று வரும், ஓ-ரிங் பெரும்பாலும் துளைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். முந்தைய கை அதைத் தொலைத்திருந்தால் எத்தனை முறை டியூனிங் செய்தாலும் ஐட்லிங் நிலைக்காது.

ஜெட்டைக் கண்ணுக்கு நேரே வெளிச்சத்தில் பிடியுங்கள். துளை வட்டமாக, விளிம்பு கூர்மையாகத் தெரிய வேண்டும், மங்கலாகத் தெரிந்தால் இன்னும் அழுக்கு இருக்கிறது. இரும்புக் கம்பியால் குத்தவே கூடாது, பித்தளையில் கீறல் விழுந்தால் அளவு மாறிவிடும். நைலான் நரம்பு போதும், கார்ப் கிளீனர், அப்புறம் காற்று. கிளீனர் ஒரு துளைக்குள் அடித்தால் எதிர்பாராத இன்னொரு துளை வழியாக நேராக முகத்துக்கு வரும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஜெட்டை மட்டும் கழுவி விட்டுவிடாதீர்கள், கார்புரேட்டரின் உடம்புக்குள் ஓடுகிற பாதைகள் ஒவ்வொன்றிலும் காற்று ஒரு பக்கம் போய் மறுபக்கம் வருகிறதா என்று பாருங்கள்.

மேலே பெரிய ரப்பர் தோல் வைத்த கார்புரேட்டர் என்றால் அந்தத் தோலில் கிளீனர் படக்கூடாது, ஊதிப் பெருத்துவிடும். அதை விளக்குக்கு எதிரே விரித்து, மடிப்புகளை விரலால் நீவிக்கொண்டே பாருங்கள். ஊசி முனை அளவு ஒளிப்புள்ளி தெரிந்தாலும் அது ஓட்டைதான், வண்டி பாதி ஆக்ஸிலேட்டருக்கு மேல் ஏறாமல் திணறுவதற்கு அது ஒன்று போதும்.

கேள்வி: மிக்சர் ஸ்க்ரூ எத்தனை சுற்று வைக்க வேண்டும்?

கையேட்டில் உங்கள் வண்டிக்குச் சொன்னது எதுவோ அதுதான் தொடக்கம். பெரும்பாலான சின்ன வண்டிகள் ஒன்றரையிலிருந்து இரண்டரைச் சுற்றுக்குள் அடங்கும். முழுச் சூட்டில், ஐட்லிங்கைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டு, கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி, என்ஜின் எந்த இடத்தில் அதிகமாகவும் சீராகவும் சுற்றுகிறதோ அங்கே நிறுத்துங்கள். பிறகு ஐட்லிங் ஸ்க்ரூவால் குறைத்துக்கொள்ளலாம்.

ஸ்க்ரூ என்ஜின் பக்கம் இருந்தால் உள்ளே திருக பெட்ரோல் குறையும். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துகிறது, உள்ளே திருக பெட்ரோல் கூடும். இது தெரியாமல் எதிர்ப்பக்கம் திருகிக் களைத்துப்போனவர்கள் ஏராளம். மூன்று மூன்றரைச் சுற்று வெளியே எடுத்தால்தான் ஐட்லிங் நிலைக்கிறது என்றால் வேறெங்கோ கோளாறை ஸ்க்ரூ மறைக்கிறது. முழுதாக மூடினாலும் எந்த மாற்றமும் இல்லையென்றாலும் அதே கதைதான்.

கேள்வி: கார்புரேட்டர் பளபளவென்று இருக்கிறது, ஆனாலும் ஐட்லிங் ஏறி இறங்குகிறது. ஆக்ஸிலேட்டரை விட்டாலும் சத்தம் உடனே அடங்கவில்லை.

ஆக்ஸிலேட்டர் கேபிள் இறுகியோ ஒட்டிக்கொண்டோ இல்லை என்று உறுதியானால், ஏர் லீக். கார்புரேட்டரும் என்ஜினும் சேருகிற மேனிஃபோல்ட் ரப்பரில் வெடிப்பு விட்டிருக்கும், அல்லது அதற்குள் இருக்கிற ஓ-ரிங் தட்டையாகிப் போயிருக்கும். மேலிருந்து பார்த்தால் ரப்பர் நன்றாகத்தான் தெரியும், அடிப்பக்கம் விரலால் வளைத்துப் பார்த்தால்தான் வெடிப்பு வாயைத் திறக்கும். என்ஜின் ஐட்லிங்கில் இருக்கும்போது அந்த இணைப்பைச் சுற்றித் தண்ணீரை ஸ்ப்ரேயாக அடியுங்கள், பிளக் பக்கம் படாமல். ஐட்லிங் மாறினால் அங்கேதான் ஓட்டை. சூடான சைலன்சருக்குப் பக்கத்தில் தீப்பிடிக்கிற கிளீனரை அடிப்பதைவிட இது பாதுகாப்பு. ரப்பருக்குப் பசை பூசி ஓட்டுவது சில வாரம்தான் தாங்கும், புதிதாக மாற்றிவிடுங்கள்.

கேள்வி: பிளக் கறுப்பாக இருக்கிறது. மாற்றினாலும் திரும்பக் கறுக்கிறது.

பிளக்கை எடுத்ததும் துடைத்துவிடாதீர்கள், அந்த நிறம்தான் சாட்சி. காய்ந்த கரிபோல் பஞ்சாக இருந்தால் பெட்ரோல் அதிகம். அடைத்த ஏர் ஃபில்டர், பாதியில் மாட்டிக்கொண்ட சோக், தேய்ந்த மிதவை ஊசி (கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை நிறுத்துகிற ஊசி), பெரிய ஜெட், இப்படிப் பார்த்துக்கொண்டு வாருங்கள். ஈரமாக, பிசுக்காக, எண்ணெய் மின்னினால் என்ஜின் ஆயில் உள்ளே வருகிறது, அது வால்வு சீலோ பிஸ்டன் ரிங்கோ. லேசான பழுப்போ சாம்பலோ என்றால் நலம். சுண்ணாம்புபோல் வெளுத்து, ஓரத்தில் சின்னச் சின்ன உருண்டைகள் தெரிந்தால் அதை வைத்துக்கொண்டு தூரம் போகாதீர்கள், பெட்ரோல் போதாமல் என்ஜின் அளவுக்கு மேல் சூடாகிறது.

பத்து நிமிடம் வீட்டு வாசலில் ஐட்லிங்கில் விட்டுவிட்டு நிறம் பார்ப்பதில் பயன் இல்லை. பிளக் முனை சுமார் 450 டிகிரி சூட்டைத் தாண்டினால்தான் தன் கரியைத் தானே எரித்துக்கொள்ளும், ஐட்லிங்கில் அந்தச் சூடு வராது, நல்ல வண்டியிலும் கறுக்கும். காலியான சாலையில் ஒரே சீராகக் கொஞ்ச தூரம் ஓட்டி, அதே ஆக்ஸிலேட்டரில் கிளட்சைப் பிடித்து என்ஜினை நிறுத்தி, உருட்டிக்கொண்டு வந்து ஓரம் கட்டி, ஆறியதும் கழற்றிப் பாருங்கள்.

பிளக் நம்பரும் முக்கியம், முந்தைய கை கிடைத்ததைப் போட்டிருக்கலாம். பிளக் முனையில் தீப்பொறி தாண்டுகிற இடைவெளி பெரும்பாலும் 0.6 முதல் 0.9 மி.மீ.க்குள் வரும், கையேட்டைப் பார்த்து ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடுகள்) அளந்து போடுங்கள்.

கேள்வி: பிளக்கை வெளியே வைத்துப் பார்த்தால் கரண்ட் நன்றாக அடிக்கிறது. ஏற்றத்தில் மட்டும் மிஸ்ஸிங்.

வெளியே அடிப்பது முழுச் சான்று ஆகாது. சிலிண்டருக்குள் கலவை அழுத்தமாக இருக்கும், அழுத்தம் கூடக்கூட தீப்பொறி தாண்டுவதற்கு அதிக வோல்டேஜ் வேண்டும். ஏற்றத்தில் முழு ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போதுதான் அந்த அழுத்தம் உச்சத்துக்குப் போகிறது. 6000 சுற்றில் இந்த என்ஜின் நொடிக்கு 50 முறை தீப்பிடிக்க வேண்டும், அதில் நாலைந்து தவறினாலே உடம்பு உலுக்குவது தெரியும்.

வயர் முனையில் பிளக்கின் மேல் உட்காருகிற மூடியான பிளக் கேப்பைத் திருகிக் கழற்றுங்கள், வயர் முனை பச்சையாகவோ கறுத்தோ இருந்தால் ஐந்து மி.மீ. வெட்டிவிட்டுத் திரும்பத் திருகுங்கள். செலவே இல்லாத வைத்தியம், நிறைய வண்டிகளில் கேட்கும். பல கேப்புகளுக்குள் 5000 ஓம் அளவில் ரெசிஸ்டர் இருக்கும், மல்டிமீட்டரில் அளவே காட்டாவிட்டால் அது உடைந்துவிட்டது. அப்புறம் இரவில், விளக்கு எல்லாம் அணைத்துவிட்டு, வண்டியை ரேஸ் செய்துகொண்டு பிளக் வயரை மட்டும் உற்றுப் பாருங்கள். கரண்ட் கசிகிற இடத்தில் நீல நிறத்தில் மெல்லிய நூல் ஒன்று துடிப்பது கண்ணுக்குத் தெரியும். திறந்த வெளியில் செய்யுங்கள், மூடிய ஷெட்டில் புகை ஆளைக் கொல்லும்.

பிளக்கை வெளியே வைத்துச் சோதிக்கும்போது அதன் உலோக உடம்பு என்ஜினைத் தொட்டபடியும், பிளக் துளையிலிருந்து தள்ளியும் இருக்கட்டும். காற்றில் தொங்கவிட்டு உதைத்தால் காயிலுக்கும் தீப்பொறியைக் கட்டுப்படுத்துகிற சிடிஐ பெட்டிக்கும் கேடு, துளையிலிருந்து வருகிற பெட்ரோல் ஆவி தீப்பிடிக்கவும் கூடும்.

கேள்வி: மழையிலோ கழுவிய பிறகோ மட்டும் திக்குகிறது.

பிளக் கேப்பின் ரப்பர், காயில் வயர், என்ஜினை அணைக்கிற கில் ஸ்விட்ச். காயவைத்து ஓடுகிறது என்றால் அந்த மூன்றில் ஒன்றை மாற்றுங்கள்.

கேள்வி: ஹேண்டிலைத் திருப்பினால் அல்லது குழியில் இறங்கினால் ஒரு கணம் செத்து உயிர் வருகிறது.

வயர் உள்ளே அறுந்திருக்கிறது. ஸ்டியரிங் கழுத்துக்குப் பக்கத்தில் வயர் கட்டு வளைகிற இடம், சாவி ஸ்விட்ச், பேட்டரி முனை, சைடு ஸ்டாண்ட் ஸ்விட்ச். ஐட்லிங்கில் வைத்து ஒவ்வொன்றாகக் கையால் அசைத்துப் பாருங்கள்.

கேள்வி: குளிர்ந்திருக்கும்போது நன்றாக இருக்கிறது. சூடானதும் ஐட்லிங் போகிறது, ஸ்டார்ட் செய்யவும் கஷ்டம்.

டேப்பெட் இறுக்கம். வால்வு முனைக்கும் அதை அழுத்துகிற ராக்கருக்கும் நடுவே தலைமயிர் கனத்துக்கு ஒரு இடைவெளி வேண்டும், பல சின்ன வண்டிகளில் 0.05 முதல் 0.15 மி.மீ.க்குள். ஓட ஓட வால்வு தன் இருக்கையில் தேய்ந்து உள்ளே இறங்கும், அதனால் இடைவெளி கூடாமல் குறையும். சூட்டில் வால்வு நீளும்போது அந்த இடைவெளி முழுதாகப் போய், வால்வு சரியாக மூடாமல் காற்றைக் கசிய விடும். முதலில் போவது ஐட்லிங், பிறகு ஸ்டார்ட்டிங், கடைசியில் வால்வே கருகிப்போகும்.

டேப்பெட் சத்தம் வந்தால் எல்லோரும் பயந்து இறுக்கச் சொல்கிறார்கள், ஆனால் லேசாகச் சத்தம் போடுகிற டேப்பெட்டைவிட மூச்சே காட்டாத டேப்பெட்தான் ஆபத்து. சத்தம் பிடிக்காமல் அளவில்லாமல் இறுக்கி வைத்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன், விற்பதற்கு முந்தின வாரம் செய்கிற வேலை இது. என்ஜின் முழுதாக ஆறிய பிறகு, முடிந்தால் ஓர் இரவு விட்டு, மேக்னெட் பக்க ஜன்னலில் ‘டி’ குறி (பிஸ்டன் உச்சியில் இருப்பதைக் காட்டுவது) நேராக வரும்படி சுற்றி, இரண்டு ராக்கரும் லேசாக ஆடுகின்றனவா என்று பாருங்கள். ஆடவில்லையென்றால் இன்னொரு முழுச் சுற்று சுற்றுங்கள். அப்போதும் ஒன்று ஆடவில்லையென்றால் அதுதான் இறுகியிருக்கிறது. ஃபீலர் கேஜ் உள்ளே போய் வெண்ணெயில் கத்தி இழுப்பதுபோல் லேசான பிடிப்போடு வர வேண்டும்.

டேப்பெட் சரியென்றால் இக்னிஷன் காயிலைச் சந்தேகப்படுங்கள். சூட்டில் உள்ளே அறுந்து, ஆறினால் சேர்ந்துகொள்கிற காயில்கள் உண்டு. நின்ற உடனே, ஆறவிடாமல், கரண்ட் அடிக்கிறதா என்று பாருங்கள், ஆறிய பிறகு பார்த்தால் எல்லாம் நன்றாகவே இருக்கும்.

கேள்வி: ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டினால் நன்றாக இழுக்கிறது. அப்படியே விடலாமா?

கூடாது. ஃபில்டர் அடைத்திருக்கிறது என்று அது சொல்கிறது, அவ்வளவுதான். மண் துகள் உள்ளே போய்ச் சிலிண்டரையும் ரிங்கையும் அரைத்துவிடும். ஸ்பாஞ்ச் என்றால் சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவைத்து, ஃபில்டர் ஆயிலில் நனைத்துப் பிழிந்து போடுங்கள். பேப்பர் என்றால் புதிது வாங்குங்கள்.

கேள்வி: ஆக்ஸிலேட்டரை விட்டதும் சைலன்சரில் பட் பட் என்று வெடிக்கிறது.

சைலன்சர் என்ஜினோடு சேருகிற இடத்தில் கேஸ்கெட் போயிருந்தால் வெளிக்காற்று உள்ளே போய் மிச்சப் பெட்ரோலை எரிக்கும். மூட்டைச் சுற்றிக் கறுப்புக் கரி தீற்றியிருந்தால் அதுதான். இல்லையென்றால் ஐட்லிங் கலவையில் பெட்ரோல் குறைவு, பைலட் ஜெட் கேள்விக்குத் திரும்பப் போங்கள். வெடிப்பு பின்னால் வராமல் கார்புரேட்டர் வழியாகத் தும்முவதுபோல் வந்தால் இன்டேக் வால்வு இறுக்கத்தையும், கேம் செயின் ஒரு பல் தாண்டியிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

கேள்வி: எல்லாம் பார்த்தாகிவிட்டது. என்ஜின் தேய்ந்துபோயிருக்குமோ?

இருக்கலாம், ஆனால் அந்த முடிவுக்குக் கடைசியாக வாருங்கள். கம்ப்ரெஷன் கேஜை பிளக் துளையில் திருகி, ஆக்ஸிலேட்டரை முழுதாகத் திறந்து உதையுங்கள். குறைவாகக் காட்டினால் ஒரு ஸ்பூன் என்ஜின் ஆயிலைத் துளைக்குள் விட்டு மறுபடி பாருங்கள். அளவு நன்றாக ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறவில்லையென்றால் வால்வு. சைலன்சரில் நீலப்புகை வருகிற நேரத்தையும் கவனியுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்து வந்து நின்றுவிட்டால் வால்வு சீல், அது சின்ன வேலை. இழுக்கும்போதெல்லாம் வந்தால் ரிங்.

கேள்வி: ஐட்லிங் நன்றாக இருக்கிறது, நிறுத்தி வைத்து ரேஸ் செய்தாலும் நன்றாக இருக்கிறது. ஓட்டினால் மட்டும் வெட்டி வெட்டி இழுக்கிறது.

என்ஜினை விட்டுவிட்டுச் செயினைப் பாருங்கள்! சென்டர் ஸ்டாண்டில் போட்டு, என்ஜினை அணைத்து, பின்சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே செயினின் தொய்வை விரலால் தூக்கிப் பாருங்கள். ஒரு இடத்தில் தொளதொளவென்றும் இன்னொரு இடத்தில் கம்பிபோலும் இருந்தால் செயினும் ஸ்ப்ராக்கெட்டும் முடிந்துவிட்டன. மெதுவாகப் போகும்போது வெட்டுவது அதனால்தான், கார்புரேட்டருக்கு அதில் பங்கே இல்லை. சக்கரம் சுலபமாகச் சுற்றவில்லையென்றால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. என்ஜின் சத்தம் ஏறி, வேகம் ஏறவில்லையென்றால் கிளட்ச் வழுக்குகிறது.

கேள்வி: என்னுடையது இன்ஜெக்‌ஷன் வண்டி. இதெல்லாம் பொருந்துமா?

பிளக், ஏர் ஃபில்டர், டேப்பெட், மேனிஃபோல்ட் லீக், செயின் எல்லாம் அப்படியே பொருந்தும். கூடுதலாகப் பேட்டரியைப் பாருங்கள், ஏனென்றால் பம்ப்பும் இன்ஜெக்டரும் அதை நம்பித்தான் வேலை செய்கின்றன. அணைத்து வைத்திருக்கும்போது 12.4 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது, ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை. சாவி போட்டதும் பம்ப் ஓரிரு நொடி ‘ஙீ’ என்று ஓடி நிற்க வேண்டும். மீட்டரில் என்ஜின் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் கோளாறு குறியீடு பதிவாகியிருக்கிறது, பல வண்டிகளில் அது விளக்கு மினுக்கும் எண்ணிக்கையாகவே வரும், கையேட்டில் பட்டியல் இருக்கும். காற்றைத் திறந்து மூடுகிற த்ராட்டில் பாடியில் படிந்த கரியைத் துணியால் துடைக்கலாம், ஆனால் அதன் பெயிண்ட் பூசிய ஸ்க்ரூக்களைத் தொடாதீர்கள். முந்தைய கை அந்தப் பெயிண்டை உடைத்திருக்கிறதா என்பதையும் பார்த்துவையுங்கள்.

கேள்வி: மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் என்ன சொல்ல வேண்டும்?

‘வண்டி சரியில்லை, பாருங்கள்’ என்று சொன்னால் அவர் முதலிலிருந்து தேடுவார், அல்லது தனக்குத் தெரிந்த வழக்கமான மூன்றை மாற்றிக் கொடுப்பார். அதற்குப் பதிலாக இப்படிச் சொல்லுங்கள்: “அண்ணே, சூடான பிறகு, கால் ஆக்ஸிலேட்டரில் மட்டும் தளருது. சோக் போட்டா சரியாகுது. பிளக் வெளுத்திருக்கு, இந்தா பாருங்க. டேங்க் மூடி, பெட்ரோல் ஓட்டம் ரெண்டும் பாத்துட்டேன். மெயின் ஜெட் இதுக்கு முன்னாடி வச்சிருந்தவர் மாத்தினது.” கூடவே அந்தத் தாளையும், கழற்றிய பழைய பிளக்கையும் ஒரு கவரில் போட்டுக் கொடுங்கள். மாற்றுகிற பாகங்களைத் திருப்பித் தரச் சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.